பதினான்காம் ஆண்டு விழா

புலியகுளம், கோவை
20.11.1994

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொற்கொடி எழுதுவது. இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். உங்களுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு இருக்கிறது, அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். போன கடிதத்தில் அதை விட்டுவிட்டீர்கள்.

நான் ஒரு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன். வரும் மே மாதம் மில் மைதானத்துக் கோடை ஜாஸ் விழாவுக்கு இருபத்தைந்தாவது வருடம். மலர் போடுகிறார்கள். அதில் விழாவின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். கோட்டைமேட்டிலிருந்து அப்துல் குத்தூஸ் பாயே வீடு தேடி வந்தார். தகரப் பெட்டிக் கடையை மகன் அர்ஷத் பார்த்துக்கொள்கிறான். இவர் முன்னைப் போலவே டிரம்ஸ் வாசிக்கிறார். "ஏனுங்க டீச்சரம்மா, அக்பர் கதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறீங்க. அவர நீங்க பாத்தீங்களா? எங்களப் பாத்திருக்கீங்கல்ல, எங்க கதைய எழுதுங்க" என்றார். சரித்திர டீச்சராக இருபது வருடம் ஓட்டியவளுக்கு இதற்கு மறுப்பு சொல்லத் தெரியவில்லை.

1971-ல் முதல் விழாவுக்கு நான் எலுமிச்சம்பழத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். எழுபத்தாறில் கல்யாணமாகித் தஞ்சாவூர் போய், எண்பத்தைந்தில்தான் திரும்பி வந்தேன். நடுவில் நடந்தது எனக்குத் தெரியாது. அந்த வருடங்களில் செயலாளர் நீங்கள்தான். நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. விழா மே 14, ஞாயிறு. நீங்கள் வர வேண்டும். சாக்ஸபோனோடு வர வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வருகிறீர்கள், கல்யாணம், துக்கத்துக்கு வருகிறீர்கள். மே மாதத்தில் மட்டும் பத்து வருடமாக வந்ததில்லை. இந்தத் தடவை சாக்கு சொல்லாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
பொற்கொடி

*

பம்பாய்
8.1.1995

அன்புத் தங்கை பொற்கொடிக்கு,

ஆண்டவர் கிருபையால் எல்லோரும் நலம். புது வருட வாழ்த்துகள். சர்க்கரை 160. அண்ணியின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் வலிக்கிறது, கடைவீதியைப் பார்த்தால் வலிப்பதில்லை.

எழுத நாளாகிவிட்டது. பள்ளிக்கூட பேண்டுக்குக் குடியரசு தின ஒத்திகை. அறுபது பிள்ளைகள், அதில் ஐம்பத்தெட்டுப் பேருக்குத் தாளம் ஒட்டாது.

கேட்டாயே, எழுதிக்கொள்.

விழாவை ஆரம்பித்தது சென்னகேசவன் சார். மில்லில் வீவிங் மாஸ்டர். வீடு நிறைய இசைத்தட்டு, கையில் அக்கார்டியன். குத்தூஸ் பாய் அவர் வீட்டுக்குப் பெட்டி கொடுக்கப் போனவர், உள்ளே பாட்டு ஓடுவதைக் கேட்டு, கொண்டுபோன பெட்டியைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தாராம். அப்புறம் ஊதுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்கள். நம் கல்யாண பேண்டு செட்டில் நாங்கள் நாலு பேர் நோட்ஸ் பார்த்து ஊதுவோம். எழுதி வைத்ததை ஊதுவது எங்களுக்குத் தெரியும். எழுதாததை ஊதச் சொன்னார் சார். ஆறு மாதம் கஷ்டப்பட்டோம்.

1971: நோட்டீஸில் 'ஜாஸ்' என்று போட்டதைப் பார்த்துப் பாதிப் பேர் சர்க்கஸ் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். யானை எப்போது வரும் என்று ஒருவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

1973: கரண்டு போய்விட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வாசித்தோம்.

1976: கோடை மழை. கூட்டத்தோடு பஞ்சு குடோனுக்குள் ஓடினோம். எனக்கு ஊதுவதைவிடத் தும்முவது அதிகமாக இருந்தது.

1979: ஆர்.எஸ்.புரத்து வக்கீல் வீட்டு ராமாமணி அம்மா முதல் தடவையாகப் பாடினார். பட்டுச் சேலை, வைர மூக்குத்தி, வாயில் இங்கிலீஷ் பாட்டு. அவர் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார்.

1982: பெங்களூரிலிருந்து ஐந்து பேர் வந்து வாசித்தார்கள். நம் வீட்டில்தான் சாப்பாடு.

1983: கூட்டம் நானூறைத் தாண்டியது.

1985-க்குப் பிறகு நீதான் பார்த்திருக்கிறாயே.

வருவதைப் பற்றி: மே மாதம் இங்கே கோடை வகுப்பு. பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்.

அண்ணன்,
ஜெரோம்

*

புலியகுளம்
29.1.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். 160 நல்ல செய்திதான். அதை நம்பி ஜாங்கிரி சாப்பிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் குத்தூஸ் பாயிடம் படித்துக் காட்டினேன். பெட்டியைக் கவிழ்த்த கதை பொய், அதன் மூடியில்தான் தட்டினேன் என்றார். மற்றதெல்லாம் சரியாம்.

அவர் கடையில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து விழாக்குழுவின் மினிட் நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வருடத்துக்கும் நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். யார் என்ன வாசித்தார்கள், எத்தனை பேர் கேட்டார்கள், எந்த மைக் கத்தியது என்பதுவரை. படிக்கப் படிக்க, அந்த வருடங்களில் நானும் இங்கே இருந்ததுபோல ஆகிவிட்டது.

1984-க்கு மட்டும் ஒரே வரி. "பதினான்காம் ஆண்டு விழா 13.5.84 ஞாயிறு மாலை மில் மைதானத்தில் இனிதே நடைபெற்றது." நோட்டீஸ் இல்லை, போட்டோ இல்லை, பாட்டுகளின் பட்டியல் இல்லை. உங்கள் கடிதத்திலும் எண்பத்து மூன்றுக்கு அடுத்தது எண்பத்தைந்து. மறந்துபோனீர்களா? வருடத்துக்கு ஒரு பத்தி என்று எழுதிக்கொண்டு வருகிறேன். அந்த ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. நாலு வரி அனுப்பினால் போதும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பொற்கொடி

*

(தபால் கார்டு)

புலியகுளம்
5.3.1995

அன்புள்ள அண்ணா,

இங்கே நலம். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? 1984-ஐப் பற்றிச் சென்னகேசவன் சாரைக் கேட்கலாம் என்றால், அவர் மகள் வீட்டுக்கு மைசூர் போயிருக்கிறார். மலரின் அட்டை அச்சாகிவிட்டது. '25' என்று பெரிதாகத் தங்க நிறத்தில் போட்டிருக்கிறார்கள். உள்பக்கங்கள் ஏப்ரல் நடுவில் அச்சுக்குப் போகின்றன. உடம்பு சரியில்லை என்றால் அண்ணியையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பொற்கொடி

*

பம்பாய்
19.3.1995

அன்புள்ள பொற்கொடி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியும் நலம். உன் கார்டு வந்தபின் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சாமியார் சொல்கிறார். அவரிடம் சொல்வதைவிட உன்னிடம் சொல்வது கஷ்டம்.

1984-ல் விழா நடக்கவில்லை. அந்த வரி பொய்.

அந்த வருடம் தை மாதம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இரண்டு பெரியவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். "சித்திரை முப்பத்தொண்ணு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புங்க, மக்யா நாளு காத்தால முகூர்த்தமுங்க" என்றார்கள். வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டேன். கல்யாண வீட்டார் தமிழ்த் தேதிதான் சொல்வார்கள். நாங்கள் இங்கிலீஷ் தேதிக்கு மாற்ற ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். சித்திரை மாதம் என்றால் பதிமூன்றைக் கூட்டிக்கொள்வது. அந்தக் கணக்கில் சித்திரை 31 என்பது மே 14, திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை விழா, மறுநாள் பொள்ளாச்சி. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அது லீப் வருடம் பொற்கொடி. அந்த வருடம் சித்திரை ஒரு நாள் முந்திப் பிறந்துவிட்டது. மே ஒன்பதாம் தேதி முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தபோது எதிரே தினசரி காலண்டர். சித்திரை இருபத்தாறு என்று நான் நினைத்திருந்தேன். தாளில் இருபத்தேழு. பாதித் தலையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

கூடவே இதையும் சொல்கிறேன், சிரித்துக்கொள். என் கணக்குப்படி மறுநாள் முகூர்த்தம் என்பது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை யாராவது முகூர்த்தம் வைப்பார்களா? ஒரு இந்து வீட்டுக் குழந்தையைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கும். நமக்கு அது தோன்றவே இல்லை.

வெற்றிலை பாக்கு வாங்கிய கல்யாணத்தை நாலு நாள் முன்னால் விட்டால், அதன்பின் கொங்கு நாட்டில் எவரும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள். ஊதுகிற நாலு பேருமே போயாக வேண்டும். உள்ளதைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதற்கு முந்தின வருடம், விழா நாளில் கல்யாணத்துக்குப் போவதாக இருந்த டிரம்பெட்காரனைக் குழுவின் முன்னால் நான் கிழித்துப்போட்டிருந்தேன். "விழா நாளில் கல்யாணத்துக்குப் போகிறவன் அதற்கப்புறம் இந்த மேடையில் ஏறக்கூடாது" என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

குத்தூஸ் பாயிடம் போய், "மில்லுல மைதானம் இல்லைன்னுட்டாங்க பாய்" என்றேன். டீ வாங்கிக் கொடுத்து, "உடு தம்பி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். எல்லோரிடமும் அதையே சொன்னேன். என்னோடு பொள்ளாச்சிக்கு வந்த மூன்று பேரிடமும் சொன்னேன்.

மாப்பிள்ளை அழைப்பு சரியாக ஆறு மணிக்கு. விழா ஆரம்பிக்கிற நேரம். மாப்பிள்ளையின் மாமா பக்கத்தில் வந்து, "ஏனுங்க பேண்டுக்காரரே, எழவு ஊட்ல வாசிக்கறாப்பல வாசிக்கறீங்க? தம்முக் கட்டி ஊதுங்க!" என்று சத்தம் போட்டார்.

ஜூன் மாதம் மில்லிலிருந்து வருடாந்தர அறிக்கை கேட்டார்கள். வருடம் தவறாமல் விழா நடந்தால்தான் மைதானம் என்பது அவர்கள் விதி. ஒரு வருடம் விட்டால் அனுமதி போய்விடும். அந்த வரியை எழுதினேன். செப்டம்பரில் பம்பாயில் பள்ளிக்கூட பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

இது இருபத்தைந்தாவது விழா இல்லை, இருபத்து நான்காவது. நீ பொய் எழுதாதே. என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன்,
ஜெரோம்

*

புலியகுளம்
28.3.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். அண்ணியும் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் ஓய்வறையில் படித்தேன். செவ்வாய்க்கிழமை முகூர்த்தம் என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கணக்கு டீச்சர் திரும்பிப் பார்த்தார். அடுத்த பத்தியில் எனக்குக் கண் கலங்கியதையும் அவர் பார்த்திருப்பார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் எனக்குத் தோன்றியது உங்களைப் பற்றி இல்லை, அந்தப் பத்தியை எப்படி மழுப்புவது என்பதுதான். 'எண்பதுகளின் நடுவில் விழா மேலும் வளர்ந்தது' என்று ஒரு வாக்கியம்கூட எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை பரீட்சைத்தாளில் இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். அடித்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் எழுதிவிடுகிறேன். 1984 மே மாதம்தான் நாங்கள் தஞ்சாவூரிலிருந்து இந்த வீட்டுக்கே குடிவரலாமா என்று உங்களைக் கேட்டு எழுதினேன். வாருங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள். நாலு மாதத்தில் ஊரைவிட்டே போய்விட்டீர்கள். வீட்டைக் கேட்டு அண்ணனைத் துரத்திவிட்டோம் என்று பதினொரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் வந்து முன்னறையில் பாயை விரிக்கும்போது கேட்க நினைப்பேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

மலர் அச்சுக்குப் போவதற்குமுன் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும். முதலில் குத்தூஸ் பாயிடம் தனியாகச் சொல்கிறேன். எனக்குப் பயம் அட்டையைப் பற்றி இல்லை. மைதானம் என்ன ஆகும், பாய் உங்களை என்ன நினைப்பார் என்பதுதான். உங்கள் சம்மதம் இல்லாமல் போகமாட்டேன். உடனே எழுதுங்கள்.

பொற்கொடி

*

பம்பாய்
3.4.1995

பொற்கொடி கண்ணு,

நலம். நீ சொல்லிவிடு. நான் இவ்வளவு தூரத்தில் இருக்கும்போதே சொல்லிவிடு. பாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியாது. அவர் வைதால் வைததை அப்படியே எழுது, குறைக்காதே.

வீடு என்ன வீடு, பைத்தியம். உன் கடிதம் வந்த அன்று நான் பொள்ளாச்சியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். இரண்டாவது வரி எழுதினால் எல்லாவற்றையும் எழுதிவிடுவேன் என்று ஒரு வரியோடு நிறுத்தினேன். அவ்வளவுதான். இதைக் கேட்க உனக்குப் பதினொரு வருடமா?

நான் யாரைச் சொல்கிறேன் பார், நானே பதினொரு வருடம் சொல்லாமல் வைத்திருந்தவன்.

அண்ணன்,
ஜெரோம்

*

புலியகுளம்
9.4.1995, குருத்து ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம், நான் ரொம்ப நலம். இதை உட்கார்ந்து படியுங்கள். அண்ணியையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று மத்தியானம் கோட்டைமேட்டுக்குப் போனேன். கடைக்குள் நாலு பேர் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் அவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, எனக்கு ஸ்டூல் போட்டு, "என்னம்மணி, மொகம் ஒரு மாதிரியா இருக்குது?" என்றார். மினிட் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சொல்லி முடித்தேன். வெற்றிலை பாக்கு, பதிமூன்று, முடிவெட்டும் கடை எல்லாம். கடைசியில், "பாய், அந்த வருசம் விழா நடக்கலைங்க. அண்ணன் எழுதினது பொய்யிங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரு சொன்னாங்க நடக்கலைன்னு?"

"அண்ணந்தானுங்க எழுதியிருக்குது."

"அவனுக்கு எப்படித் தெரியும்? அவந்தான் பொள்ளாச்சில இருந்தானே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்தக் கல்யாணப் பெண்ணுக்குச் சீர்ப்பெட்டி வாங்கியது இவர் கடையில். பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன் அடியில் 'கோவை ஜெரோம் பேண்டு வாத்தியம்' என்று அச்சடித்திருந்ததாம். இவர் தேதியைக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை மில்லுக்கு இரண்டு பெட்டி கொடுக்கப் போனபோது வாசலில் இருந்தவர், "நாளைக்கு மேடைக்கு எத்தனை பெஞ்சு போடறதுங்க?" என்று கேட்டிருக்கிறார். மைதானம் இல்லை என்றுதானே ஜெரோம் சொன்னான் என்று கடைக்கு வந்து பத்திரிகையை எடுத்துப் பார்த்தாராம்.

"பாத்தவொடனே வெளங்கிப்போச்சு. தேதிய மாத்திப் புடிச்சுக்கிட்டான், சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மில்லு மேல பழியப் போட்டுட்டான். போன வருசம் அத்தன சத்தம் போட்டவன், பாவம், எந்த மொகத்த வெச்சுக்கிட்டுச் சொல்லுவான்?"

உடனே சென்னகேசவன் சாரிடம் போயிருக்கிறார். அங்கிருந்து ராமாமணி அம்மா வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மூன்று பேரும் மில் மைதானத்தில் வாசித்திருக்கிறார்கள். அக்கார்டியன், டிரம்ஸ், பாட்டு. முக்கால் மணி நேரம். மில் காலனியில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் முப்பது பேர் கேட்டார்களாம்.

"அப்புறம் ஏனுங்க பாய் அண்ணங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா, நீ பொய் சொன்னது எங்களுக்குத் தெரியும்னு ஆயிப்போகுமில்லீங்களா? கேசவன் சார் வேண்டவே வேண்டாம்னு போட்டார். அப்புறம் நோட்டுல இனிதே நடைபெற்றதுன்னு அவனே எழுதியிருந்தான். சரி, எப்படியோ அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு, கமுக்கமா ஒத்துக்கிட்டான்னு இருந்துட்டோம். அவன் அதுக்கப்புறம் மேடைப் பக்கமே வராததப் பாத்து, அவன உட்டுட்டு வாசிச்சதுல கோவம்னு நெனச்சோம். இத்தன வருசமா அந்தக் கோவம் எப்பத் தீரும்னுதான் பாத்துக்கிட்டிருக்கறேன்."

அண்ணா, நீங்கள் அவரிடம் மறைத்தீர்கள், அவர் உங்களிடம் மறைத்தார். நான் வீட்டு விஷயத்தை உங்களிடம் கேட்காமல் மறைத்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துப் பதினொரு வருடம் ஓட்டியிருக்கிறோம்.

எனக்குச் சரித்திரத்தில் வாய்வார்த்தை போதாது. ஆதாரம் வேண்டும். நேரே ஆர்.எஸ்.புரம் போனேன். ராமாமணி அம்மா பீரோவைக் குடைந்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் எடுத்தது. அம்மா வாயைத் திறந்து பாடுகிறார், பாய் தலைகுனிந்து வாசிக்கிறார், சார் கண்ணை மூடியிருக்கிறார். முன்வரிசையில் ஒரு எருமை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் வக்கீல் கையெழுத்தில் 13.5.84. பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்காரத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே நின்றுகொண்டு வந்தேன்.

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியில் 'இனிதே' என்பது மட்டும்தான் சந்தேகம். மற்றதெல்லாம் உண்மை.

மே 14. மறக்காதீர்கள். காலண்டரைப் பார்த்துக் கிளம்புங்கள்.

பொற்கொடி

*

கோட்டைமேடு, கோயமுத்தூர்
12.4.1995

அன்புத் தம்பி ஜெரோமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உடல்நலத்துக்கும் குடும்பத்தார் நலத்துக்கும் துஆ செய்கிறேன். இங்கே அனைவரும் சௌக்கியம். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, நான் சொல்ல அர்ஷத் எழுதுகிறான்.

உன் தங்கச்சி எல்லாம் எழுதியிருக்கும். பக்ரீத் முடிந்த கையோடு விழா. ராமாமணி அம்மா இந்த வருடம் இரண்டு பாட்டுதான் பாடுவாராம், மூச்சு வாங்குகிறது. கேசவன் சார் மைசூரிலிருந்து வந்துவிட்டார். நீ போன பிறகு ஊதுவதற்கு நாங்கள் பார்த்த ஆட்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கடிதத்தில் எழுதினால் அவர்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

உன் தீர்மானத்தைச் சாரிடம் காட்டினேன். செயலாளர் கையெழுத்து மட்டும் இருக்கிறது, தலைவர் கையெழுத்து இல்லை, செல்லாது என்கிறார்.

வஸ்ஸலாம்.

அப்துல் குத்தூஸ்

*

பம்பாய்
23.4.1995

அன்புள்ள பொற்கொடி,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். எல்லோரும் நலம். நீ அனுப்பிய போட்டோவை அண்ணி சுவரில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் எருமையைப் பற்றிக் கேட்கிறார்கள்.

பாயின் கடிதம் வந்தது. இரண்டையும் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். பெரிய சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை. தோளில் ரொம்ப நாள் தூக்கிய பெரிய டிரம்மை இறக்கி வைத்தால், கொஞ்ச நேரத்துக்குக் கை தானாக மேலே போகுமே, அந்த மாதிரி இருக்கிறது.

மே 12 கிளம்பி 13 ராத்திரி வந்து சேர்கிறோம். விழாவுக்கு வருகிறேன். கீழே உட்கார்ந்து கேட்கிறேன். வாசிக்கமாட்டேன், அதை மட்டும் கேட்காதே. தலைவர் கையெழுத்து இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தீர்மானம் நான் எழுதியது.

அண்ணன்,
ஜெரோம்

*

பம்பாய்
28.5.1995

அன்புத் தங்கைக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த புளிச்சாதம் குண்டக்கல் வரை வந்தது. சர்க்கரை பார்க்கவில்லை, இந்த மாதம் பார்க்கப்போவதும் இல்லை. அங்கே பிள்ளைகள் நலமா? மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

மலரை ரயிலிலேயே படித்து முடித்தேன். "1984: மூன்று பேர் வாசித்தார்கள். தேதியைத் தவறாகக் கணக்கிட்ட செயலாளர் அந்நேரம் பொள்ளாச்சியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் ஊதிக்கொண்டிருந்தார். விழாவைக் கேட்டவர்கள் முப்பது பேர், எருமை ஒன்று." நன்றாக எழுதியிருக்கிறாய். எதிர் சீட்டில் இருந்தவரிடம் காட்டி, அந்தச் செயலாளர் நான்தான் என்றேன். என்னோடு பொள்ளாச்சிக்கு வந்த மூன்று பேருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பிவிடு. என்னை வைது கடிதம் எழுதுவார்கள், எழுதட்டும்.

வாசிக்கமாட்டேன் என்றவன் எதற்குச் சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான் என்று நீ கேட்கவே இல்லை. அதற்கு நன்றி.

நீ கேட்டது வேறு. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மணி ஆறு அடித்தது. எல்லோரும் மேடையில் தயார். பாய் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, கூட்டம் சலசலத்தது. அப்புறம் அவர் எழுந்து, அந்தப் படியில் மெல்ல இறங்கி, என்னிடம் வந்து காதில் ஏதோ சொன்னார். நான் பெட்டியைத் திறந்தேன். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று ஸ்டேஷன் வரை நச்சரித்தாய். அங்கே சொல்லியிருந்தால் என் குரல் உடைந்திருக்கும், அண்ணி கேலி செய்வாள். இப்போது எழுதுகிறேன்.

"உன்னைய உட்டுப்போட்டு ஒருக்கா வாசிச்சுப்போட்டோம் ஜெரோமு. நல்லாவே இல்ல. ஏறு."

அன்புடன்,
அண்ணன் ஜெரோம்